எலுமிச்சை மரத்தைத் தோண்டுகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டினின் ஐந்து தடித்த புத்தகங்களையும் வரிக்கு வரி அடிக்கோடிட்டுப் படித்துவிட்டு, ஆறாவது வரும்வரை யார் பிள்ளை யார், எவர் முகத்துக்குப் பின்னால் எவர் என்று தியரி போட்டுக்கொண்டிருக்கும் அன்பர்களே,

நானும் உங்கள் கூட்டம்தான். அதனால் இதை வெளியாள் ஒருவர் வாசலில் நின்று கத்துவதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். உள்வீட்டுச் சண்டை இது.

‘எ சாங் ஆஃப் ஐஸ் அண்ட் ஃபயர்’ தொடரின் முதல் புத்தகம் ‘எ கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ 1996இல் வந்தது. ஐந்தாவது ‘எ டான்ஸ் வித் டிராகன்ஸ்’ 2011 ஜூலையில். மூன்றே புத்தகம் என்று தொடங்கியது ஏழு என்று வளர்ந்து, ஆறாவதான ‘தி விண்ட்ஸ் ஆஃப் விண்டர்’ வாசலில் வந்து நின்றுவிட்டது. நடுவில் தொலைக்காட்சித் தொடர் பிறந்து, எட்டு சீசன் ஓடி, 2019இல் முடிந்தும் போனது. ஐந்தையும் இன்னும் படித்து முடிக்காதவர் யாராவது இந்த மடலைக் கையில் எடுத்திருந்தால் இங்கேயே வைத்துவிடுவது நல்லது. இனி எதையும் மறைத்துப் பேசப்போவதில்லை.

என் குறை இதுதான். வரவர நம் தியரிகள் எல்லாம் ஒரே அச்சில் வார்த்ததுபோல் இருக்கின்றன. டாரியோ உண்மையில் பென்ஜன் ஸ்டார்க். மான்ஸ் ரேடர் உண்மையில் ரேகார். ஹை ஸ்பாரோ உண்மையில் ஹௌலண்ட் ரீட். வேரிஸ் உண்மையில் கடல்மனிதன். கன்னத்தில் ஒரு மருவை ஒட்டிக்கொண்டால் பெற்ற தாய்க்கும் அடையாளம் தெரியாமல் போகும் பழைய சினிமாவாக, கதை நடக்கும் வெஸ்டரோஸை ஆக்கிவிட்டோம். ஆள்மாறாட்டமே கதையில் இல்லை என்று சொல்லவில்லை. முகத்தைக் கழற்றி மாட்டும் ஒரு கூட்டத்தையே மார்ட்டின் படைத்திருக்கிறார். இரண்டாம் புத்தகத்தில் ஆர்யாவின் கண்ணெதிரே ஜாகன் மாறிக்கொள்ளும் முகத்தையும், நான்காம் புத்தகத்தின் முன்கதையில் பேட் என்ற பையனுக்குப் பொற்காசு கொடுத்து ஏமாற்றுபவனின் முகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்: அதே வளைந்த மூக்கு, அதே கன்னத்து வடு. அதைக் கண்டுபிடித்தவருக்கு என் சலாம். ஆனால் ஒருவர் கண்டுபிடித்தார் என்பதற்காக மற்றவர்கள் எல்லாம் ஊரில் உள்ள ஒவ்வொருவரின் முகத்தையும் பிறாண்டிப் பார்க்க வேண்டுமா?

எந்தத் தியரியைக் கேட்டாலும் நான் கேட்டுக்கொள்ளும் கேள்வி ஒன்று உண்டு. இது உண்மையானால், நான் ஏற்கனவே படித்த எந்தப் பக்கம் மாறும்? வரப்போகும் புத்தகத்தில் என்ன நடக்கும் என்பதைப் பற்றி எனக்கு அவ்வளவு அக்கறை இல்லை. அது மார்ட்டினின் பாடு. கையில் இருக்கும் பக்கம் என் பாடு.

ஜான் ஸ்னோவின் தாய் யார் என்பதையே எடுத்துக்கொள்வோம். நம் தியரிகளுக்கெல்லாம் மூத்தது அது. முதல் புத்தகம் வந்த சூட்டோடேயே வாசகர்கள் பேசத் தொடங்கிவிட்டார்கள். வின்டர்ஃபெல்லின் பிரபு நெட் ஸ்டார்க் போருக்குப் போன இடத்திலிருந்து ஒரு கைக்குழந்தையோடு திரும்பி, யாரோ ஒருத்தியிடம் எனக்குப் பிறந்தவன் என்கிறார். இல்லை, அது அவருடைய தங்கை லியானாவுக்கும் இளவரசன் ரேகார் டார்கேரியனுக்கும் பிறந்த பிள்ளை என்கிறது தியரி. தடயங்கள் உங்களுக்குத் தலைகீழ்ப் பாடம். ஹாரன்ஹால் போட்டியில் வென்ற ரேகார், கட்டிய மனைவியைத் தாண்டிப் போய் லியானாவின் மடியில் வைத்த நீல ரோஜா மகுடம். இரத்தமும் ரோஜாவும் மணக்கும் அறையில் சாகும் தறுவாயில் அவள் அண்ணனிடம் வாங்கிக்கொண்ட சத்தியம். அந்த அறை இருந்த டவர் ஆஃப் ஜாயின் வாசலில் நின்ற மூன்று அரசக் காவலர்கள். அரசன் செத்தாயிற்று, இளவரசன் செத்தாயிற்று, எஞ்சிய வாரிசு விசேரிஸ் டிராகன்ஸ்டோனுக்குப் போயாயிற்று. அரச குடும்பத்தைக் காப்பதாகச் சத்தியம் செய்த மூவர் ஒரு மலைக் கோபுரத்தடியில் உயிரைக் கொடுத்து யாரைக் காத்துக்கொண்டிருந்தார்கள்?

துப்பறியும் கதைக்கு இது போதும். எனக்கு இந்தத் தியரி பிடித்திருப்பதற்குக் காரணம் வேறு. இதை மனத்தில் வைத்துக்கொண்டு முதல் புத்தகத்தின் நெட் அத்தியாயங்களைத் திரும்பப் படியுங்கள். தலைநகரத்து விலைமாதர் இல்லத்தில் அரசன் ராபர்ட்டின் குழந்தை ஒன்றைப் பார்த்துவிட்டு வெளியே வரும்போது நெட்டுக்குப் பல ஆண்டுகளுக்குப் பிறகு ரேகாரின் நினைவு வருகிறது. அவன் இப்படிப்பட்ட இடங்களுக்குப் போயிருப்பானா என்று யோசிக்கிறார். போயிருக்கமாட்டான் என்று அவருக்கே தோன்றுகிறது. தன் தங்கையைத் தூக்கிக்கொண்டு போனவன் என்று நாடே காறித் துப்பும் ஒருவனைப் பற்றி அண்ணன்காரன் இவ்வளவு நிதானமாகவா நினைப்பான்? முதல் வாசிப்பில் இந்த வரி கண்ணில் படுவதே இல்லை.

விசேரிஸின் தங்கை டேனரிஸைக் கொல்ல ஆள் அனுப்புவது என்று ராபர்ட் முடிவு செய்ததும் நெட் பதவியைத் தூக்கி எறிகிறார். முதல் தடவை படிக்கையில் கொள்கைப் பிடிப்பாகத் தெரிந்தது, மறுதடவை படிக்கையில் நெஞ்சைப் பிசைகிறது. டார்கேரியன் இரத்தம் என்றால் பச்சைப் பிள்ளையானாலும் விடாத ஆருயிர் நண்பனிடமிருந்து, ஒரு பிள்ளையைப் பதினான்கு ஆண்டுகள் மறைத்து வளர்த்த மனிதர் அவர். பிறகு அரசி செர்சி. அவள் பிள்ளைகள் அரசனுக்குப் பிறந்தவர்கள் அல்ல என்று தெரிந்த பிறகும், ராபர்ட் வேட்டையிலிருந்து திரும்புமுன் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஓடிவிடு என்று அவளிடமே போய்ச் சொல்கிறாரே, அந்தக் கட்டத்தில் நெட்டை அசடு என்று திட்டாதவர் நம்மில் உண்டா? அதே அத்தியாயத்தில் தனக்குள் ஒரு கேள்வி கேட்டுக்கொள்கிறார். முன்பின் தெரியாத ஒரு குழந்தையின் உயிரா, தன் பிள்ளைகளின் உயிரா என்று வந்தால் என்ன செய்வேன்? பிள்ளைகளைப் பெயர் சொல்லி எண்ணுகிறார். ஐந்து பெயர். ஜானின் பெயர் அதில் இல்லை. ஜான் வருவது அதற்கு அடுத்த நினைப்பில்: ஜானின் உயிரா, தான் பெற்ற பிள்ளைகளின் உயிரா என்று வந்தால் கேட்லின் என்ன செய்வாள்? கட்டிய மனைவியிடம்கூட ஏன் வாய் திறக்கவில்லை என்பதற்கான விடை அங்கே கிடக்கிறது, யாரும் எடுக்காமல்.

தொலைக்காட்சித் தொடருக்காகத் தன்னைப் பார்க்க வந்த டேவிட் பெனியாஃப், டி. பி. வெய்ஸ் இருவரிடமும் மார்ட்டின் கேட்டது ஜானின் தாய் யார் என்றுதான். ஒழுங்காகப் படித்திருக்கிறார்களா என்று பார்க்க அதைவிட நல்ல கேள்வி கிடையாது. 2016 ஜூனில் ஆறாம் சீசனின் கடைசிப் பகுதியில் அவர்கள் விடையை உடைத்தபோது, ஏறத்தாழ இருபது ஆண்டுகளாக அதைத் தெரிந்துவைத்திருந்த வாசகர்கள் எதையும் இழக்கவில்லை. நெட்டின் அத்தியாயங்கள் இன்னும் அப்படியே வலிக்கின்றன.

இதோடு கோல்ட்ஹேண்ட்ஸை ஒப்பிட்டுப் பாருங்கள். வடக்கே சுவருக்கு அப்பால் கறுத்த கைகளோடு கடமான்மேல் வரும் அந்த ஆள், காணாமல் போன பென்ஜன் ஸ்டார்க்தான் என்று எத்தனை பேர் சத்தியம் செய்தோம். ஐந்தாம் புத்தகத்தின் கையெழுத்துப் பிரதி டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தின் குஷிங் நூலகத்தில் இருக்கிறது. அதன் ஓரத்தில் பதிப்பாசிரியர் ஆன் குரோல், இது பென்ஜனா என்று கேட்டிருக்கிறார். பக்கத்தில் மார்ட்டின் பெரிய எழுத்தில் இல்லை என்று எழுதியிருக்கிறார். ஒரு தலைமுறைத் தியரி ஒரே சொல்லில் காலி. அதனால் நமக்கு என்ன நட்டம் என்று யோசித்துப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. அவர் பென்ஜனாகவே இருந்திருந்தாலும் நெட்டின் மகன் பிரானின் பயணத்தில் ஒரு பக்கமும் வேறாகியிருக்காது. பெயர்ப்பலகை மட்டும் மாறியிருக்கும். தொலைக்காட்சியில் அவரைப் பென்ஜனாகவே ஆக்கினார்கள். அந்தக் காட்சியை இப்போது யார் நினைவில் வைத்திருக்கிறார்கள்?

அடுத்து எலுமிச்சை மரம். உங்களில் பாதிப் பேர் என்மேல் பாயப்போகும் இடம் இதுதான் என்று தெரிந்தே எழுதுகிறேன்.

டேனரிஸின் பிள்ளைப் பருவ நினைவில் பிராவோஸ் நகரத்தில் ஒரு வீடு இருக்கிறது. சிவப்புக் கதவு. அவள் அறைச் சன்னலுக்கு வெளியே எலுமிச்சை மரம். பிராவோஸோ கடற்கழியில் மிதக்கும் தீவுக் கூட்டம். மூடுபனியும் ஈரமும் குளிரும் கல்லும். எலுமிச்சை விளைவது தெற்கே டோர்னின் வெயிலில். ஆகவே அந்த வீடு டோர்னில் இருந்தது, ஆகவே அவளிடம் யாரோ பொய் சொல்லியிருக்கிறார்கள், ஆகவே அவள் டேனரிஸே அல்ல என்று ஆகவேக்களை அடுக்கிக்கொண்டே போகிறோம். நான்காம் புத்தகத்திலேயே விடைக்கு அருகில் வரும் ஒரு குறிப்பு இருக்கிறது: பிராவோஸில் மரம் கிடையாது, பெரிய மனிதர்களின் முற்றங்களையும் தோட்டங்களையும் தவிர. ஐந்தாம் புத்தகத்தில் குவென்டின் மார்ட்டெல் கொண்டுவரும் பழைய ஒப்பந்தத்தை எடுங்கள். விசேரிஸுக்கும் டோர்ன் இளவரசி அரியானுக்கும் திருமண உறுதி. டேனரிஸின் காவலர் வில்லம் டாரி ஒரு பக்கம், ஓபெரின் மார்ட்டெல் மறுபக்கம் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். சாட்சிக் கையெழுத்து பிராவோஸின் தலைவரான கடலதிபருடையது. ஆக, நாடு கடத்தப்பட்ட அந்தப் பிள்ளைகள் அப்படியொரு பெரிய மனிதரின் நிழலில் ஒதுங்கியிருந்தார்கள் என்றால் ஒரு மரம் இருந்ததில் என்ன அதிசயம்? இப்படிப் படித்தால் மரத்தின் வழியாக அரசியல் தெரிகிறது. டோர்னுக்குக் கொண்டுபோய் நட்டால் டேனரிஸ் எடுத்த ஒரு முடிவுகூட வேறாகத் தெரிவதில்லை. இரும்புச் சிம்மாசனத்தை வீடு என்று சொல்லிக்கொண்டே, நினைவில் ஒரு சிவப்புக் கதவை மட்டும் வைத்திருக்கும் பெண் அவள். அந்த முரண்பாட்டுக்கு ஒரு மரம் வேண்டியிருந்தது. சில சமயம் மரம் என்றால் மரம்தான்.

மார்ட்டின் எழுதியது எல்லாமே தடயம் என்று நம்புவதில் இன்னொரு அபாயம் இருக்கிறது. மனிதர் தப்பும் செய்வார். ஜெய்ன் வெஸ்டர்லிங்கின் இடுப்பை மறந்திருக்கமாட்டீர்கள். மூன்றாம் புத்தகத்தில் கேட்லின் அவளைப் பார்த்து, பிள்ளை பெறத் தோதான இடுப்பு என்று நினைக்கிறாள். நான்காம் புத்தகத்தில் ஜேமியின் கண்ணுக்கு அது ஒடுங்கிய இடுப்பு. உடனே நாம், ஜேமி பார்த்தது போலி ஜெய்ன், அசல் ஜெய்ன் ராப் ஸ்டார்க்கின் வாரிசைச் சுமந்துகொண்டு தப்பிவிட்டாள் என்று மாளிகை கட்டினோம். அது தன் கவனப் பிசகு என்று மார்ட்டின் சொல்லிவிட்டார். ரென்லியின் கண் நிறம் மாறியதும், ஒரு குதிரை ஆணும் பெண்ணுமாக மாறி மாறி வந்ததும்கூட அப்படித்தான்.

ஆனால் சான்ஸாவின் முத்தம் அப்படியல்ல. பிளாக்வாட்டர் போர் இரவில் ‘வேட்டைநாய்’ சாண்டர் கிளிகேன் அவள் அறைக்கு வருகிறான், பாடச் சொல்கிறான், இரத்தம் தோய்ந்த மேலங்கியைப் போட்டுவிட்டுப் போகிறான். முத்தமிடவில்லை. பின்னால் வரும் அத்தியாயங்களில் சான்ஸா அவன் முத்தமிட்டதாக நினைவுகூர்கிறாள். இது வேண்டுமென்றே செய்தது என்று மார்ட்டின் சொல்லியிருக்கிறார். இப்படி நினைவின் திரிபை வைத்துக் கதை பின்னும்போது, நடுவே தன்னுடைய அசல் தவறுகளும் வந்து விழுந்து குழப்புகின்றன என்பதுதான் அவருக்கு எரிச்சல். இரண்டையும் எப்படிப் பிரிப்பது? என் கேள்வி இங்கேயும் உதவுகிறது. ஜெய்னின் இடுப்பு அவளைப் பற்றி எதையும் சொல்லவில்லை. நடக்காத முத்தம் சான்ஸாவைப் பற்றி எவ்வளவோ சொல்கிறது.

நமக்குள்ளேயே ஒரு முரண்பாடு இருப்பதையும் சொல்லிவிடுகிறேன். நான்காம் புத்தகத்தில் பிரியன் போகும் அமைதித் தீவு மடத்தில், நொண்டி நொண்டிக் குழி தோண்டும் ஒரு நெட்டையான ஆள் வருகிறான். நாயின் தலையைத் தடவிக் கொடுக்கிறான். லாயத்தில் சாண்டரின் முரட்டுக் குதிரை நிற்கிறது. வேட்டைநாய் செத்துவிட்டான் என்கிறார் மடத்தின் தலைவர். சாண்டர் கிளிகேன் ஓய்வில் இருக்கிறான் என்கிறார். அந்தக் குழிவெட்டிதான் சாண்டர் என்று அடையாளம் கண்டது நம் கூட்டத்தின் சாதனைகளில் ஒன்று. கொலையையே தொழிலாகக் கொண்டிருந்தவன் இறந்தவர்களுக்குக் குழி வெட்டுகிறான், பக்கமே ஒளிர்கிறது. அடுத்த நிமிடம் அதே நாம், அவனை மடத்திலிருந்து இழுத்துவந்து அண்ணன் கிரகரோடு மோதவிட வேண்டும் என்று விசில் அடிக்கிறோம். தொலைக்காட்சி அதையும் 2019இல் செய்து காட்டியது: இடிந்து விழும் படிக்கட்டில் இருவரும் கட்டிப் புரண்டு நெருப்பில் விழுந்தார்கள். இரண்டு தியரியையும் ஒரே ஆள் நெஞ்சில் சுமப்பது எப்படி என்று எனக்குப் புரிவதில்லை.

விடை வராத மர்மம் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு வைமன் மாண்டர்லியின் ‘பை’கள்தான் உரைகல். ‘பை’ என்று சொன்னது, கறி வைத்துச் சுட்ட அந்தப் பெரிய பண்டத்தை. வைமனின் மகன் வெண்டலைச் சிவப்புத் திருமணத்தில் ஃப்ரே குடும்பத்தார் கொன்றார்கள். ஐந்தாம் புத்தகத்தில் மூன்று ஃப்ரேக்கள் வைமனின் விருந்தாளிகளாக வெள்ளைத் துறைமுகத்தில் தங்கியிருக்கிறார்கள். வின்டர்ஃபெல்லுக்குப் போகும் வழியில் மூவரும் காணாமல் போகிறார்கள். ராம்ஸேயின் கல்யாண விருந்துக்கு வைமன் மூன்று பெரிய பை கொண்டுவந்து, தன் கையாலேயே பரிமாறி, தானும் ருசித்துச் சாப்பிடுகிறார். போதை ஏறியதும் பாடகனிடம் எலிச் சமையல்காரன் பாட்டு வேண்டும் என்கிறார். அந்தச் சமையல்காரன் யார் என்பதை மூன்றாம் புத்தகத்திலேயே பிரான் சொல்லியிருக்கிறான்: அரசனுக்கு அவன் மகனையே சமைத்துப் போட்டவன்; தெய்வங்கள் அவனைத் தண்டித்தது கொலைக்காகவோ நரமாமிசத்துக்காகவோ அல்ல, விருந்தாளியைக் கொன்றதற்காக. இப்போது ஒரு சின்ன விவரத்தைக் கவனியுங்கள். ஃப்ரேக்கள் புறப்படும்போது வைமன் ஆளுக்கொரு குதிரை பரிசளிக்கிறார். வழியனுப்புப் பரிசு கைமாறியதும் விருந்துறவு முடிந்தது. அதற்குப் பிறகு அவர்கள் விருந்தாளிகள் அல்ல.

என்ன நடந்தது என்று புத்தகத்தில் ஒருவரும் சொல்வதில்லை. சொல்லவும் வேண்டாம். தொலைக்காட்சியில் இதை ஆர்யாவிடம் கொடுத்து, வால்டர் ஃப்ரேயின் பைக்குள் ஒரு விரலைக் காட்டினார்கள். நமக்குப் புரியாமல் போய்விடுமோ என்ற கவலை போலும்.

விடை வந்தே தீர வேண்டும் என்று மார்ட்டினுக்குக் கெடு வைப்பவர்களுக்கு வேறொரு தொடரின் கதையைச் சொல்கிறேன். ராபர்ட் ஜோர்டனின் ‘தி வீல் ஆஃப் டைம்’ தொடரில், 1993இல் வந்த ‘தி ஃபயர்ஸ் ஆஃப் ஹெவன்’ புத்தகத்தின் கடைசியில் அஸ்மோடியன் ஒரு கதவைத் திறக்கிறான், எதிரே நிற்பவரை அடையாளம் கண்டுகொள்கிறான், அந்தக் கணமே சாகிறான். கொன்றது யார்? வாசகர்கள் மண்டையை உடைத்துக்கொண்டார்கள். 2007இல் ஜோர்டன் இறந்தார். அவருடைய குறிப்புகளைக் கொண்டு பிராண்டன் சாண்டர்சன் முடித்த புத்தகங்களில் ஒன்றான ‘டவர்ஸ் ஆஃப் மிட்நைட்’ 2010இல் வந்தது. கதைக்குள் ஒரு ஜாடை. வெளிப்படையான விடை பின்னிணைப்பில், சொற்பட்டியலில்: கிரெண்டால். பதினேழு ஆண்டுச் சண்டை அகராதிப் பதிவாக முடிந்தது. பெயரைப் படித்தவர்கள் தலையாட்டிவிட்டுப் புத்தகத்தை மூடியிருப்பார்கள், வேறென்ன செய்வது?

எழுத வேண்டியவரே போய்ச் சேர்ந்துவிட்டால் என்ன ஆகும் என்பதற்கும் முன்மாதிரி உண்டு. 1870இல் டிக்கன்ஸ் இறந்தபோது ‘எட்வின் டிரூடின் மர்மம்’ பாதியில் நின்றது. டிரூட் செத்தானா, பிழைத்தானா, கொன்றது மாமன் ஜாஸ்பர்தானா? 1914இல் லண்டனில் வாசகர்கள் கூடி ஜாஸ்பர்மேல் விளையாட்டாக ஒரு வழக்கு நடத்தினார்கள். நீதிபதி செஸ்டர்டன், ஜூரித் தலைவர் பெர்னார்ட் ஷா. ஷா ஒரு சமரசத் தீர்ப்பைச் சொன்னார். செஸ்டர்டன் தன்னைத் தவிர அங்கிருந்த எல்லோருக்கும் நீதிமன்ற அவமதிப்புக்காக அபராதம் போட்டார். காத்திருப்பதை இப்படிக் கொண்டாட்டமாக்கத் தெரிந்திருக்கிறது அவர்களுக்கு.

தமிழ் வாசகர்களுக்கு இது புதிதும் அல்ல. ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார் என்று கல்கி உறுதியாகச் சொல்லாமலே 1954இல் ‘பொன்னியின் செல்வ’னை முடித்தார். கடம்பூர் மாளிகையின் அந்த இருட்டறையில் கத்தியோடு நின்றவர்கள், நிற்காதவர்கள் என்று எல்லோர்மேலும் சந்தேகத்தைத் தூவிவிட்டுப் போனார். உடையார்குடிக் கல்வெட்டு சோமன், ரவிதாசன், பரமேசுவரன் என்று பெயர் சொல்லிவிட்டதே என்பார்கள். அவர்கள் யாருடைய கையாட்கள் என்பதில் நீலகண்ட சாஸ்திரியும் சதாசிவ பண்டாரத்தாரும் ஒத்துப்போகவில்லையே! கல்வெட்டே விடையாகிவிடாதபோது கதாசிரியரின் வாய்மொழிக்கு மட்டும் ஏன் இத்தனை ஏக்கம்?

மார்ட்டினின் வாய்மொழி என்றதும் 1993 அக்டோபரில் தன் இலக்கிய முகவர் ரால்ஃப் விசினான்ஸாவுக்கு அவர் எழுதிய கடிதம் ஞாபகம் வருகிறது. 2015இல் அது வெளியே வந்தது. அதன்படி ஜானும் ஆர்யாவும் காதலிக்க வேண்டும். டிரியனும் ஆர்யாமேல் ஆசைப்பட வேண்டும். சான்ஸா ஜாஃப்ரிக்கு ஒரு மகனைப் பெற வேண்டும். ஜேமி வழியில் நிற்பவர்களையெல்லாம் கொன்று தானே அரசனாக வேண்டும். எழுத எழுத அவர் அந்தத் திட்டத்தில் பெரும்பகுதியைத் தூக்கிப் போட்டார். தோட்டக்காரனைப்போல விதையை ஊன்றிவிட்டு என்ன முளைக்கிறது என்று பார்க்கிறவன் நான் என்று அவரே சொல்பவர். இந்தத் தொடரைப் பற்றிய முதல் தியரி அவருடையதுதான், அதுவும் பொய்த்துப்போனது. பின்னே நம் தியரி பொய்த்தால் என்ன? எடின்பரோ புத்தகத் திருவிழாவில் 2014இல் அவர் பேசியபோது, ஓரிரு வாசகர்கள் தன் நுணுக்கமான தடயங்களைச் சேர்த்துச் சரியான விடைக்கு வந்துவிட்டார்கள், அதற்காகக் கதையை மாற்றமாட்டேன் என்றார். யார் அந்த ஓரிருவர் என்று ஒரு தியரி வராமல் இருந்ததே ஆச்சரியம்.

இவ்வளவு பேசிவிட்டு என் தியரியைச் சொல்லாமல் போனால் நியாயமில்லை. ஐந்தாம் புத்தகத்தில் இளம் கிரிஃப் என்ற பெயரில் வரும் பையன் ரேகாரின் மகன் ஏகான் அல்ல. அவன் பிளாக்ஃபயர் வம்சம், பென்டோஸ் வணிகன் இல்லிரியோவின் மகன்.

நான்காம் புத்தகத்தில் நாற்சந்திச் சத்திரத்தின் பழைய பெயர்ப்பலகை பற்றி ஒரு நாடோடித் துறவி வம்பளக்கிறார். இரும்பில் அடித்த கறுப்பு டிராகன், மூன்று தலை. கறுப்பு டிராகன் பிளாக்ஃபயர் கலகக்காரர்களின் சின்னம் என்பதால் டாரி பிரபு அதை வெட்டி ஆற்றில் போட்டார். பல ஆண்டு கழித்து ஒரு தலை அமைதித் தீவில் கரை ஒதுங்கியது, துருவேறிச் சிவப்பாக. டார்கேரியன் டிராகனின் நிறம் சிவப்பு. கடல் கடந்து போன கறுப்பு டிராகன் சிவப்பு வேடத்தில் திரும்பி வருவதை இதைவிட எப்படிச் சொல்வது? பிளாக்ஃபயர்களுக்காகவே உருவான கோல்டன் கம்பெனி, ஒப்பந்தத்தை மீறாத தன் பெருமையையே விட்டுக்கொடுத்து இந்தப் பையனோடு கப்பலேறுகிறது. அந்த வம்சம் ஆண்வழியில் அற்றுப்போனது என்று இல்லிரியோ டிரியனிடம் சொல்வதில் ‘ஆண்வழியில்’ என்ற சொல்லுக்கு என்ன வேலை? 1998இல் வந்த இரண்டாம் புத்தகத்திலேயே, டேனரிஸ் கண்ட காட்சிகளில் கூட்டத்தின் ஆரவாரத்துக்கு நடுவே கழிகளின்மேல் ஆடும் துணி டிராகன் ஒன்று உண்டு.

இவையெல்லாம் தடயங்கள்தான், மறுக்கவும் முடியும். என்னைக் கட்டிப்போட்டது டிரியனை ஆற்றுப் படகுக்கு அனுப்பும் இடம். பாலாடைக்கட்டி விற்றும் ஆட்களை விற்றும் கொழுத்த அந்த இல்லிரியோ, பையனுக்கு என்று ஒரு பெட்டியில் இஞ்சி முரப்பா கொடுத்தனுப்புகிறான். அவனுக்கு எப்போதும் பிடிக்கும் என்கிறான். அவன் கல்யாணத்துக்கு வர முடியாததற்கு வருந்துவதாகச் சொல்லச் சொல்கிறான். செத்துப்போன மனைவி செர்ராவின் கைகள்மேல் ஆணையிடுகிறான்; அந்தக் கைகளைப் பெட்டியில் பாதுகாத்து வைத்திருப்பவன் அவன். சூதாட்டத்தில் காய் நகர்த்துகிறவன் இப்படிப் பேசுவானா? முதல் வாசிப்பில் இந்த இடத்தை நான் டிரியனின் நக்கலோடு சேர்த்துச் சிரித்துக்கொண்டே தாண்டினேன். பையன் அவன் மகன் என்று வைத்துக்கொண்டால், இனி தன்னை அப்பா என்று கூப்பிடவே போகாத பிள்ளையை அரசனாக்கி அனுப்பும் தகப்பன் அங்கே நிற்கிறான்.

இல்லை, அவன் அசல் ஏகான்தான் என்பவர்கள் தாராளமாக வாருங்கள். முகத்தையும் கண் நிறத்தையும் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். முதலில் அந்த இஞ்சி முரப்பாவுக்கு ஒரு காரணம் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் கூட்டத்து வாசகர் ஒருவர்